கறையை வெறுத்தலும் கல்லை நேசித்தலும்

‘சுத்தம் சோறு போடும்’ என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அறங்கள் பலவற்றைக் குறித்து நமக்குள் ஐயங்கள் எழுவதுண்டு. பொய் எப்போதேனும் நன்மையாகுமா என்று வழக்காடுகிறோம்; சினம் எந்த எல்லைவரை நியாயம் என்று விவாதிக்கிறோம். தூய்மையைப் பற்றி மட்டும் எவரும் கேள்வி எழுப்புவதில்லை. அழுக்கு தீயது, அதை அகற்றுவது நல்லது, எவ்வளவு விரைவாகவும் முற்றாகவும் அகற்றுகிறோமோ, அவ்வளவுக்கு நல்லது. இது சிறுவயதில் மனப்பாடம் செய்த வாய்பாட்டைப்போல நம் நெஞ்சில் பதிந்துவிட்டது.

அந்த வாய்பாட்டைச் சற்றே நிறுத்திவைத்து, தூய்மை எதற்காக என்று கேட்டுப் பார்ப்போம். வானத்தை நோக்கிச் சிந்திக்க வேண்டியதில்லை. காலடியை நோக்கினாலே போதும். நாள்தோறும் மிதித்து நடந்தும் நாம் கவனியாத பொருள் ஒன்று உண்டு. அதுவே மொசைக் தரை. அதைத் துப்புரவு செய்வதிலும், பழுதுபார்ப்பதிலும், பேணிக் காப்பதிலும் அடங்கியுள்ள அறம் சிறியதன்று.

மொசைக் என்று நாம் வழங்குவதைக் கட்டடக்கலை நூல்கள் டெரசோ என்று குறிக்கும். வண்ணக் கற்களை ஒவ்வொன்றாகப் பதித்து உருவம் அமைக்கும் ஓவியக் கலைக்கே மொசைக் என்னும் பெயர் உரியது. ஆயினும் கொத்தனார் முதல் வீட்டுக்காரர் வரை எல்லோர் நாவிலும் அப்பெயரே நிலைத்துவிட்டமையால் நாமும் அவ்வாறே அழைப்போம். இத்தரையின் பிறப்பிடம் இத்தாலியின் வெனிஸ் நகரும் அதன் சுற்றுப்புறமும் ஆகும். மாளிகைகளுக்கெனச் சலவைக்கல்லை அறுத்துச் செதுக்கியபோது சிதறிய துண்டுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அழுத்தி, தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் ஊட்டி மெருகேற்றினர். வெனிசுக்கு வடகிழக்கே உள்ள ஃபிரியூலி வட்டாரத்துத் தொழிலாளர்கள் இதில் தேர்ந்தவர்கள். பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து சென்றபோது இக்கலையையும் தம்முடன் கொண்டு சென்றனர். அவ்வட்டாரத்து ஸ்பிலிம்பெர்கோ என்னும் ஊரில் 1922-இல் தொடங்கப்பெற்ற மொசைக் பள்ளி இன்றும் மாணவர்களைப் பயிற்றுவித்து வருகிறது. காலப்போக்கில் சுண்ணாம்பின் இடத்தைச் சிமெண்ட் பிடித்தது. கையால் தேய்த்த வேலையை மின் இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டில் விடுதலைக்குப் பிந்தைய சில பத்தாண்டுகளில் எழுந்த பள்ளிகள், மருத்துவமனைகள், அரசு அலுவலகங்கள், விடுதிகள், ஆலயங்கள், நடுத்தரக் குடும்பத்து வீடுகள் ஆகியவற்றில் எத்தனையோ கட்டடங்கள் மொசைக் தரை பெற்றவை. முழுச் சலவைக்கல் பலகைகளை விலை கொடுத்து வாங்க இயலாதவர்க்கும் சலவைக்கல்லின் குளிர்ச்சியை அது வழங்கியது. பலகையாக உதவாது என்று கழிக்கப்பட்ட சில்லுகளே அங்கே ஒன்றுகூடி ஒரு தரையாயின. கருப்பு, வெள்ளை, பச்சை, செம்பழுப்பு என்று வெவ்வேறு மலைகளின் துண்டுகள் ஒரே சாந்தில் ஒன்றையொன்று தாங்கிக் கிடக்கின்றன.

இத்தரை உருவாகும் முறையை அறிந்தால்தான் அதைப் பேணும் முறை விளங்கும். மத்தியப் பொதுப்பணித் துறையின் விதிமுறைப்படி, இடத்திலேயே வார்க்கப்படும் மொசைக் தரையின் மொத்தக் கனம் பொதுவாக 40 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அடியில் கிடக்கும் காங்கிரீட்டே. மேலே தெரியும் மொசைக் அடுக்கின் கனம், சிறு சில்லுகளாயின் 6 மில்லிமீட்டர். சில்லுகள் பெரியனவாயின் 9 அல்லது 12 மில்லிமீட்டர். சிமெண்டும் சலவைக்கல் தூளும் கலந்த கலவை 4 பங்குக்குச் சலவைக்கல் சில்லுகள் 7 பங்கு சேர்த்துப் பிசைந்து பரப்புகின்றனர். பரப்பு ஒரேயடியாகச் சுருங்கி வெடித்துவிடாதிருக்க, கண்ணாடிப் பட்டைகளாலோ உலோகப் பட்டைகளாலோ அதைக் கட்டங்களாகப் பிரிக்கின்றனர். தொழிற்சாலையில் அச்சிலிட்டு அழுத்திய மொசைக் ஓடுகளும் உண்டு. அவற்றிலும் மேலடுக்கு மெல்லியதே.

வார்த்து முடித்த நாளில் இத்தரைக்கு அழகே இல்லை. சில்லுகளைச் சிமெண்ட் மூடியிருக்கும். பார்ப்பதற்கு மங்கிய ஒரு பரப்பு, அவ்வளவே. நீர் தேக்கிப் பதப்படுத்தி, கலவை இறுகிய பின்னர் சாணைக்கல் பூட்டிய இயந்திரம் வருகிறது. முதலில் 60 என்னும் எண்ணுள்ள கரடான கல்; அடுத்து 120; இறுதியில் அதனினும் நுண்ணிய கல். எண் ஏற ஏறக் கல்லின் மணிகள் நுண்மையாகும். ஒவ்வொரு தேய்ப்புக்குப் பின்னும் வெளிப்படும் ஊசித் துளைகளை அதே நிறச் சிமெண்டுக் குழம்பால் அடைத்து, மறுபடியும் நீர் காட்டிக் காத்திருக்க வேண்டும். இப்படிப் படிப்படியாகத் தேய்த்த பின்னரே சில்லுகளின் உள்நிறம் கண்ணுக்குப் புலனாகிறது. ஆகவே மொசைக்கின் பளபளப்பு மேலிருந்து பூசப்பட்டதன்று. உள்ளே இருந்த கல்லே மென்மையாகி ஒளியைத் திருப்பித் தருகிறது.

இவ்விடத்தில் நாம் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பூச்சு மங்கினால் மீண்டும் பூசலாம். கல் மங்கினால் கல்லைத்தான் தேய்க்க வேண்டும். மீட்டெடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய அடுக்கிலிருந்து சிறிதளவு நிரந்தரமாக நீங்குகிறது. அத்தரையின் ஆயுள் அளவிடப்பட்ட ஒன்று. அதைத் தூய்மைப்படுத்துகிறவர், அறிந்தோ அறியாமலோ, அந்த ஆயுளின் மேல் கைவைக்கிறார்.

தரையில் கறை படிகிறது. குழம்பு சிந்துகிறது, எண்ணெய் ஊறுகிறது, இரும்புப் பெட்டியின் அடியில் துரு இறங்குகிறது, வெள்ளையடித்தபோது தெறித்த சுண்ணாம்புத் துளிகள் காய்ந்து ஒட்டிக்கொள்கின்றன. விழா நெருங்குகிறது, அல்லது உறவினர் வரவிருக்கின்றனர். உடனே கடைத்தெருவில் ‘ஆசிட்’ வாங்கப்படுகிறது. பெரும்பாலும் அது ஹைட்ரோகுளோரிக் அமிலமே. ஊற்றிய கணத்தில் தரையெங்கும் நுரை பொங்குகிறது. அழுக்குதான் பொங்கி வெளியேறுகிறது என்று மகிழ்பவர் பலர். உண்மையில் பொங்குவது கல்லே. சலவைக்கல் என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் அது சிதைந்து கரைய, கரியமில வாயு குமிழிகளாக வெளியேறுகிறது. சில்லுகளைப் பிணைத்து நிற்கும் சிமெண்டையும் அமிலம் அரிக்கிறது. கறை போய்விட்டது என்பது மெய்தான். ஆனால் கறை ஒட்டியிருந்த கல்லும் அதனுடன் சேர்ந்தே போயிற்று.

பின்விளைவு உடனே தெரிவதில்லை. கழுவிய ஈரத்தில் தரை புதிதுபோல் மின்னும். உலர்ந்த பிறகு மெருகு போய் வெளிறித் தோன்றும். கைவைத்துத் தடவினால் சொரசொரக்கும். அமிலம் தோண்டிய நுண்குழிகளில் முன்னைவிட விரைவாக அழுக்கு சேரும். அழுக்கு சேரச் சேர, மறுபடியும் ஆசிட், மறுபடியும் குழிகள். தூய்மைப்படுத்தும் ஆர்வமே அழுக்குக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது. சில ஆண்டுகள் சென்றதும், ‘இந்தத் தரை எவ்வளவு தேய்த்தாலும் சுத்தமாவதில்லை’ என்று பழி தரையின் மேல் விழுகிறது.

தூய்மைக்கு இரு ஊற்றுகள் இருக்கலாம் என்பதை இங்கே காண்கிறோம். ஒன்று, கறையின் மேலுள்ள வெறுப்பு. மற்றொன்று, கறைபட்ட பொருளின் மேலுள்ள அன்பு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டின் கையிலும் துடைப்பமும் வாளியும் இருக்கின்றன. ஆனால் வெறுப்பின் பார்வையில் கறை மட்டுமே தெரியும். எவ்வளவு போயிற்று என்பதே அதன் கணக்கு. அன்பின் பார்வையிலோ, கறை நீங்கிய பின் எஞ்சி நிற்கவேண்டிய பொருள் முதலில் தெரியும். எவ்வளவு மிஞ்சிற்று என்பது அதன் கணக்கு.

இவ்வேறுபாடு தரையோடு நின்றுவிடுவதில்லை. பிள்ளை தவறு செய்தபோது பலர் முன்னிலையில் அவனைக் கூனிக் குறுக வைக்கும் பெற்றோர் உண்டு. தவறு நிற்கிறது, அதனுடன் அவனுடைய தன்மதிப்பும் கரைந்துவிடுகிறது. அந்த நுண்குழிகளில் பின்னாளில் என்னென்ன வந்து தங்கும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. இயக்கங்களும் நிறுவனங்களும் களையெடுப்பு என்ற பெயரில் தம் உறுப்பினரையே தின்றுதீர்த்த கதைகளை வரலாறு நமக்குச் சொல்கிறது. கறை மேல் கொண்ட சினம் தூயதாகவே இருக்கலாம். ஆனால் எதைக் காப்பதற்காக அச்சினம் எழுந்தது என்பதை மறந்தால், அது காக்க வேண்டியதையே அரிக்கத் தொடங்கும்.

‘அப்படியானால் கறையைப் பொறுத்துக்கொண்டே வாழ வேண்டுமா?’ என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கறையைக் கண்டும் காணாததுபோல் விடுவது அன்பாகாது, அது சோம்பல். அழுக்குப் படிந்த தரை வழுக்கும், நோயைப் பரப்பும். சிந்தியதை அன்றே துடைக்காமல் விட்டால் அது கல்லின் துளைகளுக்குள் இறங்கும். அன்பு கறையோடு சமரசம் செய்துகொள்வதில்லை. கறையைப் போக்குமுன் அது இன்ன கறை என்று அறிந்துகொள்வதற்குப் பொறுமை காட்டுகிறது, அவ்வளவே.

எண்ணெய் ஊறிய இடத்தை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் மேற்பரப்பில் நிற்பதில்லை, உள்ளே இறங்கிவிடுகிறது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் அது வெளிவராது. இதற்குத் தொழில் தெரிந்தவர்கள் கையாளும் முறை, நம் வீடுகளில் வீக்கத்திற்குச் செய்வதைப் போன்றதே. பற்றுப் போடுகின்றனர். எண்ணெயைக் கரைக்கவல்ல திரவத்தில் சுண்ணக்கட்டித் தூளையோ உறிஞ்சும் தன்மையுள்ள களிமண் தூளையோ குழைத்துக் கறையின்மேல் அப்பி, மூடி வைத்துவிடுகின்றனர். கரைந்த எண்ணெய், பற்று உலர உலரச் சிறிது சிறிதாக மேலேறி அதனுள் சேர்கிறது. ஒரு நாள் ஆகலாம். ஒரு முறை போதாவிட்டால் மறுபடியும் போட வேண்டும். கல்லுக்கு ஊறு ஏதுமின்றி, உள்ளே இறங்கியது வெளியே வருகிறது. மனிதருக்குள் ஆழமாக இறங்கிவிட்ட கசப்புகளும் அதட்டலுக்கு வெளிவருவதில்லை. அருகில் அமர்ந்து காத்திருப்பவரிடமே அவை மெல்ல மெல்ல வெளியேறுகின்றன.

அதற்கும் முந்திய நிலை ஒன்று உண்டு. கறையே படியாமல் காப்பது. இங்கே அறிவியல் நமக்குச் சொல்லும் உண்மை வியப்பூட்டுவது. கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் சலவைக்கல்லின் கனிமமாகிய கால்சைட்டுக்கு 3. மணலில் மிகுதியாகக் காணப்படும் குவார்ட்ஸ் என்னும் கனிமத்துக்கு 7. நம் செருப்பில் ஒட்டி வரும் மணல் துகள், நாம் மிதிக்கும் தரையைவிடப் பன்மடங்கு கடினமானது என்பது இதன் பொருள். அதன்மேல் ஒவ்வொரு காலடி விழும்போதும் அது சிறியதொரு சாணைக்கல்லாகித் தரையைக் கீறுகிறது. வாயிற்படியை ஒட்டிய இடத்தில் மெருகு முதலில் மறைவதன் காரணம் இதுவே. ஆகவே தரைக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி எந்த விலையுயர்ந்த திரவத்திலும் இல்லை. வாசலில் ஒரு மிதியடி. காலையும் மாலையும் பெருக்குதல். பெருக்கிய பின்னரே துடைத்தல். துடைப்பதற்குத் தெளிந்த நீர், தேவையானால் காரமும் அமிலமும் இல்லாத மென்மையான சோப்புக் கரைசல் சிறிதளவு. அதன்பின் சோப்புப் படலம் தங்காதவாறு மறுபடி நல்ல நீரால் ஒரு துடைப்பு. எலுமிச்சை, புளி, வினிகர் ஆகியவை பாத்திரத்துக்கு நல்லவை. இத்தரைக்கு அவையும் அமிலமே. சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும்.

இவை அனைத்தும் எவர் கண்ணிலும் படாத பணிகள். பெருக்கிய தரையைப் பார்த்து எவரும் வியப்பதில்லை. பெருக்காத தரையைத்தான் பார்க்கின்றனர். முப்பது ஆண்டுகள் ஒரு வீட்டின் தரையை நாள்தோறும் பெருக்கிய தாய்க்குக் கிடைக்காத பாராட்டு, ஒரே நாளில் இயந்திரம் கொண்டு மெருகேற்றியவருக்குக் கிடைத்துவிடுகிறது. ஆனால் மெருகேற்றுவதற்கு அங்கே ஒரு தரை மிஞ்சியிருந்தது அவருடைய துடைப்பத்தால் அன்றோ? ஆக்குதலைப் புகழ்கிறோம்; அழிவிலிருந்து மீட்டலையும் புகழ்கிறோம். அழியாமல் காத்தலுக்கு நம் மொழியில் புகழ்ச்சொற்கள் குறைவு. அதனாலேயே அது குறைந்த அறமாகிவிடாது.

இங்கே நம் வாதத்திற்கு எதிர்வாதமாக ஒன்றை நாமே எடுத்து வைப்பது நேர்மையாகும். மொசைக் வேலை முடியும் தறுவாயில், இறுதி மெருகுக்கெனத் தரையில் தூவப்படுவது ஆக்சாலிக் அமிலம். அதுவும் அமிலந்தானே? ஆம், நச்சுத்தன்மையும் உடையது. ஆனால் விதிமுறை அதற்கோர் அளவு வகுத்துள்ளது. சதுர மீட்டருக்கு 33 கிராம். அளவாகத் தூவி, நீர் தெளித்து, கம்பளித் துணிப் பொதியால் அழுத்தித் தேய்த்துப் பின் துடைத்துவிடுகின்றனர். இந்த அமிலம் கல்லிலுள்ள கால்சியத்தோடு சேரும்போது நீரில் கரையாத கால்சியம் ஆக்சலேட் உருவாகிறது. முன்னதைப்போல் கல்லைக் கரைத்து நீரோடு கொண்டுபோய்விடுவதில்லை. துருக்கறையை நீக்கவும் இது உதவும்.

ஆகவே கடுமைக்கும் ஓர் இடம் உண்டு. மென்மை மட்டுமே அன்பு என்று நாம் சொல்ல வரவில்லை. கண்டிக்க வேண்டிய நேரத்தில் கண்டிக்காத ஆசிரியர் நல்லாசிரியர் ஆகார். எந்தக் கடுமை, எவ்வளவு, எதற்காக, எப்போது நிறுத்துவது என்ற நான்கையும் அறிந்திருப்பதே அன்பின் கடுமை. புட்டியைக் கவிழ்த்து ஊற்றும் கைக்கு இந்த நான்கும் தெரியாது.

இனி, பழுதுபார்த்தலைப் பற்றிச் சிந்திப்போம். பல ஆண்டு உழைத்த தரை ஒருநாள் மங்கியே தீரும். ஓரிடத்தில் வெடிப்பு, மற்றோர் இடத்தில் சில்லுகள் பெயர்ந்த குழி. இந்நிலையில் முன்னே இரு வழிகள் தெரிகின்றன. ஒன்று, பழைய தரையின்மேல் புதிய ஓடுகளைப் பதித்து மூடிவிடுவது. மற்றொன்று, குழியை அடைத்து, மறுபடியும் சாணைபிடித்து, பழைய தரையையே மீட்பது.

முதல் வழியைத் தேர்வோரைக் குறைகூற நாம் முற்படவில்லை. அடித்தளமே இறங்கி, தட்டினால் ஓசை எழும்பும் அளவுக்குப் பொள்ளலாகிப்போன தரையைப் பிடித்துக்கொண்டு அழுவதில் பொருளில்லை. முதியோர் வழுக்கி விழும் வீட்டில் அழகைவிட உயிர் பெரிது. மெருகேற்றும் செலவைத் தாங்க இயலாத குடும்பங்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. அந்தத் தரை உழைத்து முடித்துவிட்டதா? அல்லது அது பழையது என்பதே நமக்கு வெட்கமாகிவிட்டதா? உழைத்து முடித்ததை விடைகொடுத்து அனுப்பலாம். உழைக்கும் வலிமையுள்ள ஒன்றை, அயலார் வீட்டில் புதியது வந்துவிட்டது என்பதற்காக மண்ணோடு மூடுவது வேறு. இந்தக் கேள்வியைத் தரைக்குக் கேட்கப் பழகியவர், வீட்டில் வாழும் முதியோரைக் குறித்தும் அதையே தம்மிடம் கேட்டுக்கொள்வார்.

இரண்டாம் வழியைத் தேர்ந்தவருக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது. குழியை அடைக்க அதே நிறச் சில்லுகளைத் தேடலாம். அதே அளவில் கலவை பிசையலாம். ஆயினும் புதிய ஒட்டு பழைய தரையோடு முற்றிலும் ஒன்றிப்போவது அரிது. ஆண்டுக்கணக்கில் காலடியும் நீரும் வெயிலும் ஊட்டிய நிறத்தைப் புதுச் சிமெண்டால் ஒரே நாளில் பெற முடியாது. உற்றுப் பார்ப்பவர் கண்ணுக்கு ஒட்டின் எல்லை தெரியும். இதைக் கண்டு மனம் பொறாதவர், எல்லாம் ஒரே நிறமாகும்வரை தேய்க்கச் சொல்கிறார். இயந்திரம் ஓட ஓட, தளும்பும் நீரோடு வெண்குழம்பாகத் தரை கரைந்து வழிகிறது. ஒட்டின் அடையாளத்தை மறைப்பதற்காக, இன்னும் இருபது ஆண்டு உழைக்க வேண்டிய கனம் ஒரே நாளில் சாக்கடையில் சேர்கிறது.

மீட்டெடுத்தல் என்பதன் நோக்கம் யாது? பொருளைப் பிறந்த நாளுக்குத் திருப்பி அனுப்புவதா? அது இயலாத செயல்; இயலாததை விரும்புவது பேராசை. அப்பொருள் தன் பணியைத் தொடரும்படி செய்வதே மீட்டெடுத்தல். ஒட்டு தெரியட்டும். அங்கே ஒரு காயம் இருந்தது, ஒருவர் அதை ஆற்றினார் என்பதை அது சொல்கிறது. வாயிலருகே சற்றே தேய்ந்து பள்ளமான தடம், எத்தனை பேர் உள்ளே வந்தனர் என்பதன் பதிவு. மன்னிப்பும் இப்படிப்பட்டதே. பிளவுபட்ட உறவு மீண்டும் கூடும்போது பிளவே நேராததுபோல் ஆகிவிடுவதில்லை. ஒட்டிய இடம் தெரியும். தெரிந்தும் அதன்மேல் நடக்க முடிகிறது என்பதே அதன் வெற்றி.

மேலும், அந்த 6 மில்லிமீட்டர் நமக்கு மட்டும் உரியதன்று. நமக்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் அதில் ஒரு பகுதியைச் செலவிட்டுவிட்டு மிச்சத்தை நம்மிடம் விட்டுச் சென்றனர். நமக்குப் பின் வருவோரின் குழந்தைகளும் அதன்மேல் தவழ வேண்டும். ஆகவே தன் காலத்தின் பளபளப்புக்காக எவ்வளவு தேய்க்கலாம் என்பது அழகியல் கேள்வி மட்டுமன்று. நீதியின் கேள்வியும் ஆகும். நிலத்தடி நீரைக் குறித்தும், ஆற்று மணலைக் குறித்தும், மலைகளைக் குறித்தும் இன்று நாம் எழுப்பும் வினாவும் இதுவே அன்றோ? குறைந்துகொண்டே வரும் ஒன்றில் நமது பங்கு எவ்வளவு என்று அறிந்து, அதோடு நிற்கத் தெரிவது பேணுதலின் தலையாய பண்பு.

இறுதியாக, இதுவரை நாம் கல்லைப் பற்றியே பேசி வந்தோம். அக்கல்லின்மேல் குனிந்திருக்கும் மனிதரைப் பற்றிப் பேசாவிட்டால் நம் சிந்தனை முழுமை பெறாது. ஆசிட்டின் ஆவி முதலில் ஏறுவது அதை ஊற்றித் தேய்ப்பவரின் மூச்சில். அதோடு பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் நன்றாக வெளுக்கும் என்று எண்ணிச் சிலர் சேர்க்கச் சொல்கின்றனர். இரண்டும் கலந்தால் எழுவது குளோரின் என்னும் நச்சு வாயு. காற்றோட்டமில்லாத குளியலறையில் அது உயிரையே பறிக்கக்கூடும். சாணைபிடிப்பவருக்கும் இடர்கள் உண்டு. உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் நுண்தூசு நுரையீரலில் சென்று தங்கும். நீர் ஊற்றித் தேய்த்தால் தூசு அடங்கும், ஆனால் தேங்கிய நீரில் நின்றுகொண்டு மின் இயந்திரத்தைப் பிடிக்க வேண்டும். கையுறை, முகக்கவசம், காலணி, பழுதற்ற மின்கம்பி ஆகியவற்றைக் கேட்கும் துணிவு நாட்கூலிக்கு வருபவருக்கு எளிதில் வருவதில்லை. வேலை கொடுப்பவரே கேட்க வேண்டும். கேட்காமலே கொடுத்தால் இன்னும் நன்று.

வெறுப்பிலிருந்து பிறக்கும் தூய்மையின் கொடுமை முழுமையாக வெளிப்படுவது இங்கேதான். கறையை வெறுத்த சமூகம், கறையைத் துடைத்த கையையும் வெறுக்கக் கற்றுக்கொண்டது. தரையைத் துலக்கியவரையே தூய்மையற்றவர் என்று ஒதுக்கி, அவர் துலக்கிய தரையில் அவரை அமர விடாத வழக்கம் நம் மண்ணில் நெடுங்காலம் இருந்தது. இன்னும் பல வீடுகளில், வேறு தட்டு, வேறு குவளை, பின்வாசல் என்று உருமாறி இருந்துவருகிறது. அமிலம் கல்லுக்குச் செய்ததையே இவ்வழக்கம் மனிதருக்குச் செய்கிறது. அழுக்கை நீக்குவதாகச் சொல்லிக்கொண்டு ஆளை அரிக்கிறது. இப்படிப்பட்ட வீட்டின் தரை கண்ணாடிபோல் மின்னினாலும் அதைத் தூயது என்று சொல்ல நம் நா எழவில்லை.

எனவே, தூய்மை எதற்காக என்ற கேள்விக்கு நாம் கண்ட விடை இது. கறையை ஒழித்துவிட்ட வெற்றிக்காக அன்று; கறைபட்டது வாழவேண்டும் என்பதற்காக. அது கல்லாயினும், உறவாயினும், மனிதராயினும் அளவுகோல் ஒன்றே. துடைத்து முடித்த பின் அங்கே என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். துடைத்தவர் நலமாக இருக்கிறாரா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கழிக்கப்பட்ட சில்லுகளைக் கூட்டிச் சேர்த்து ஒரு தரையாக்கத் தெரிந்த மனிதனுக்கு, அத்தரையைப் பொறுமையோடு காக்கவும் தெரிய வேண்டும். அதற்கு வேண்டியவை அதிகமில்லை: ஒரு துடைப்பம், ஒரு வாளித் தெளிந்த நீர், அவசரப்படாத கை.